ஏழாம் கண்டெய்னரில் ஒன்று குறைவு

அன்று கண்டெய்னர் யார்டில் இருந்தவர்கள் மூவர்: நான், சரக்கு ஏற்றும் இசக்கி, மேற்பார்வையாளர் ஜெபராணி. வாசல் ஸ்கேனரையும் சேர்த்தால் நால்வர். யார் வெளியே போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

லீவில் ஊருக்குப் போகிறவன் முதுகில் செல்லாத பார்கோடு சீட்டு ஒன்றை விளையாட்டாக ஒட்டி அனுப்புவது எங்கள் யார்டு வழக்கம். இசக்கிக்கு மகள் காதுகுத்து. ஜெபராணி ஒட்டினாள். தவறுதலாக அவள் கைக்கு வந்தது ஏழாம் கண்டெய்னரில் ஏற வேண்டிய ஒரு பெட்டிக்கென்று அடித்த புதுச் சீட்டு.

இசக்கி போய் நின்றும் வாசல் திறக்கவில்லை. "சரக்கு வெளியே போக அனுமதி இல்லை" என்றது ஸ்கேனர்.

"யக்கா, என்னையப் பார்சல்னு நெனச்சிட்டு."

"உன்னைய எவம்டே வாங்குவான்?"

சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்தோம். மறுபடியும் அதையே சொன்னது. அதற்குள் அவன் முகம் அந்தச் சீட்டின் எண்ணோடு பதிவாகியிருந்தது.

ஜெபராணி கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்டெய்னரில் ஒன்று குறைகிறது. அவரை உள்ளே போய் நிற்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை சேர்ந்ததும் எண்ணை நீக்கிவிடலாம்."

அந்தக் குரலும் ஸ்கேனரின் குரலும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இசக்கி மக்ரூன் டப்பாவை என்னிடம் நீட்டினான். "பாப்பாவுக்கு வாங்கினது. தின்னுராதடே, இந்தா வந்திருதேன்."

சீட்டில்லாததால் ஏற்றாமல் விட்ட பெட்டியின் இடம் ஏழாம் கண்டெய்னருக்குள் காலியாக இருந்தது. அதில் போய் நின்றான். அளவு சரியாக இருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. "எண்ணிக்கை சரி" என்றது குரல். கண்டெய்னர் கதவு அவனுக்குப் பின்னால் தானாக மூடிப் பூட்டிக்கொண்டது.