சீற்றின் உயரம்

ஜெஸீமால் சைக்கிளை விட்டு இறங்க முடியவில்லை.

கேற்றடியில் ஒரு காலை ஊன்றி நின்றான். மற்றக் காலைத் தூக்கப் பார்த்தான். அது வரவில்லை. பொத்துவிலில் இருந்து கல்முனை வரை ஓட்டி முடித்தவன், சொந்த வளவுக்குள் நுழைய வழியில்லாமல் நின்று சிரித்தான்.

"தங்கச்சி, மாப்பிளைய இறக்கி எடுங்க," என்றான் கூட ஓட்டி வந்த நளீர். "திருக்கோவில் தாண்டினதில இருந்து அவர்ர கதை முழுக்க முழங்காலோடதான். எங்களோட ஒரு கதையும் இல்ல."

நளீர் போய்விட்டான். மனைவி அஸ்மியா தோள் கொடுத்தாள். ஜெஸீம் அவள் மீது பாரத்தைப் போட்டு இறங்கித் திரும்பியபோதுதான், முதுகில் குத்தியிருந்த கடதாசி அவள் கண்ணில் பட்டது.

ஆஸ்பத்திரியின் புற்றுநோய் விடுதிக்கு நிதி சேர்க்கும் சைக்கிள் ஓட்டம் அது. யாரை நினைத்து ஓட்டுகிறார்களோ, அந்தப் பெயரை எழுதி முதுகில் குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

றிப்னா.

மை வியர்வையில் கசிந்து, பெயர் எழுதியதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஜெஸீமின் முதல் மனைவி அந்த நோயில்தான் மௌத்தானாள். வேறு யாருடைய பெயரை எழுதுவான்? அஸ்மியாவுக்கு அது விளங்கியது. விளங்கியும் என்ன, அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது என்று ஊர் ஊராகச் சனம் அந்தப் பெயரைப் பார்த்துக் கை தட்டியிருக்கும். அந்த நேரம் இவள் வீட்டில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

மௌத்தானவளுக்காகத் துஆக் கேட்கலாம். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சண்டை பிடிக்கத்தான் முடியவில்லை.

சைக்கிளோடு பிடிக்கலாம்.

இந்தப் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் வீடுதான் வீடு. றிப்னா போனதும் அந்த வீடு அவளுடைய தங்கைக்கு என்றானது. ஜெஸீம் ஒரு உடுப்புப் பையோடும் இந்தச் சைக்கிளோடும் உம்மா வீட்டுக்குத் திரும்பினான். பிறகு அஸ்மியாவைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோதும் கொண்டுவந்தவை அவைதான். பையில் இருந்த உடுப்புகள் கிழிந்து போயின. சைக்கிள் அப்படியே நின்றது.

அவனுடைய போனில் ஒரு படம் இருந்தது. கடற்கரையில், இதே சைக்கிளில், றிப்னா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களும் மணலில் பதிந்திருந்தன.

ஜெஸீம் நெட்டையன். றிப்னா அஸ்மியாவைவிடவும் கட்டை. ஆனாலும் அவள் உட்கார்ந்த அந்தச் சீற்றை அவன் ஒருநாளும் உயர்த்தியதில்லை.

அவன் பயிற்சி தொடங்கிய நாட்களில், அஸ்மியா சமையலுக்கிடையில் சைக்கிள் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். பெடல் அடியில் போய் நிற்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நிமிர்ந்திருக்க வேண்டும். அவனுடையது மடிந்தே இருந்தது. சீற்றை உயர்த்தச் சொன்னாள். "அது கிடக்கட்டும்," என்றான். மறுபடியும் சொன்னாள். பேச்சை மாற்றினான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள்.

இப்போது அவன் குசினிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கால் வீங்கியிருந்தது. அவள் ஈரத் துவாயைச் சுற்றிவிட்டாள். அவன் இஞ்சித் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சைக்கிளைப் பார்த்தான்.

"நீ சொன்னதுதான் புள்ள சரி. சீற்ற உயத்து."

அவன் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துவந்தாள்.

நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டாள். உள்ளங்கை சிவக்கத் திருகினாள். சீற்றைப் பிடித்து ஆட்டினாள். ஒரு முனகலோடு அது மேலே வந்தது. இத்தனை வருடமும் குழாய்க்குள் கிடந்த கம்பி, புத்தம் புதிதாய், வெள்ளியாய் வெளியே வந்தது.

அஸ்மியாவின் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. வீட்டிலிருந்த ஒருத்தி கதவைச் சாத்திவிட்டுப் போவது போல.

"ஏறிப் பாருங்க மச்சான்."

அவன் மதிலைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவள் குந்தி, பெடலை அடியில் நிறுத்தி, அவன் காலைப் பக்கவாட்டில் பார்த்தாள். முழங்காலில் சின்னதாய் ஒரு மடிப்பு மட்டும் மிச்சமிருந்தது. வீடியோவில் காட்டியதேதான். நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

ஜெஸீம் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அட, என்ன சுகம்! றிப்னாவும் இதத்தான் சொல்லிச் சொல்லிக் களைச்சா. எனக்குத்தான் ரெண்டு காலும் நிலத்தில படாட்டிப் பயம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அஸ்மியா குந்தியபடியே இருந்தாள்.

"எவ்வளவு உயத்தச் சொன்னவ?"

அவன் குனிந்து, மினுங்கும் கம்பியில் விரலை வைத்துப் பார்த்தான்.

"இவ்வளவுதான். அச்சொட்டா இதே அளவு."

"இறங்குங்க."

"ஏன் புள்ள? நல்லாத்தானே கிடக்கு."

"இறங்குங்க மச்சான்."

அவன் நொண்டிக்கொண்டு இறங்கினான். அவள் நட்டைத் தளர்த்தினாள். சீற்றை இன்னும் இரண்டு விரல் உயர்த்தி, பலம் கொண்டமட்டும் இறுக்கினாள்.

அவன் மறுபடி ஏறினான். மதிலை விட்ட கை திரும்பவும் மதிலைப் பிடித்தது.

"உயரம் கூடிட்டுப் போல."

"இல்ல," என்றாள் அஸ்மியா. "இதுதான் உங்கட அளவு."

அவனுடைய கால் பெருவிரல் நிலத்தைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.