ஐந்தாவது ஜோடி

"எங்க வலிக்குது? சரியா தொட்டுக் காட்டுங்க."

நாள் முழுக்க ஊராரிடம் இதே கேள்வியைக் கேட்கிற பல் டாக்டர், இன்று அதற்குப் பதில் சொல்கிற நிலைக்கு வந்திருந்தார். வலது காலைத் தூக்கிச் சைக்கிள் கடைக்காரரின் மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினார். முகம் மட்டும் பல் பிடுங்க வந்த சின்னப் பிள்ளையின் முகம்.

"சைக்கிள் மிதிக்கற ஷூ, கடையில போட்டுப் பாக்கறப்ப கச்சிதமா இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு வாரம் ஆனா, முன்னால பிடிக்க ஆரம்பிச்சுடுது. ஆறு மாசத்துல நாலு கம்பெனி மாத்தியாச்சு. நாலும் இதே கதைதான்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். போகப் போகத் தளர்கிற ஷூவை அவருக்குத் தெரியும். போகப் போக இறுகுகிற ஷூவை இந்த இருபது வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

"முனை அகலமான மாடல் போட்டுப் பாத்தீங்களா?"

"அது ரெண்டாவது ஜோடி. மூணாவது, அடுப்புல வச்சு சூடாக்கி நம்ம கால் அச்சுக்கு அமுக்கிக்கற மாடல். அதையும் செஞ்சு பாத்துட்டேன்."

"அந்த வாடை அடுப்பை விட்டு இன்னும் போகலை" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி. ஆஸ்பத்திரி லேபில் வேலை அவளுக்கு. மதியம் இரண்டு மணிக்குப் போனால் போதும் என்பதால் கூடவே வந்திருந்தாள்.

"வலியைக்கூடப் பொறுத்துக்குவேன். இந்த நத்தையைத்தான் பொறுத்துக்க முடியலை" என்று டாக்டர் போனை நீட்டினார்.

ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேடு என்று ஒன்று இருக்கிறது. சைக்கிள்காரர்களில் யார் எத்தனை நிமிடத்தில் அதில் ஏறினார்கள் என்று போனில் பட்டியல் வரும். மூன்று வருடம் முதல் இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த டாக்டரை, 'நத்தை' என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அனாமதேயம் பதினெட்டு வினாடி வித்தியாசத்தில் கீழே தள்ளிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பேரைப் பாத்தீங்களா, என்ன கொழுப்பு. அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில பதினோரு மணிக்கு ஏறியிருக்கான். ஒழுங்கா வேலைக்குப் போறவன் செய்யற காரியமா இது?"

"யாரோ என்னவோ, விட்டுத் தள்ளுங்களேன்" என்றாள் மனைவி.

"எப்படி விடறது? கால் மட்டும் வலிக்காம இருந்தா அவனை ஓரங்கட்டியிருப்பேன். சைக்கிளும் சேந்துக்கிட்டு சதி பண்ணுது. சீட்டு தானா ரெண்டு விரக்கடை இறங்கிடுது. வாராவாரம் நான்தான் ஏத்தி வச்சுக்கிட்டு இருக்கேன்."

"திருகு தேஞ்சிருக்கும்" என்றார் கடைக்காரர்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இதுதான் கடைசி. அஞ்சாவது ஜோடியும் கடிச்சா சைக்கிளை வித்துட்டு நிம்மதியா இருக்கப் போறேன். நாளைக்கே வாங்கிக்க ஆள் ரெடி."

"விக்கறதா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்." மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கும் அந்தச் சைக்கிளை, வந்த நாள் முதலாக 'என் சக்களத்தி' என்று கரித்துக்கொட்டியவள் அவள். இப்போது கொஞ்ச நாளாகத்தான் வாயைத் திறப்பதில்லை.

"உனக்காவது என் கஷ்டம் புரியுதே" என்றார்.

கடைக்காரர் பழைய ஷூவைக் கேட்டார். டாக்டர் பையிலிருந்து நாலாவது ஜோடியை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் கையை உள்ளே விட்டார், எட்டவில்லை. டார்ச் அடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு நீளக் குறடு ஒன்றை எடுத்துவந்து உள்ளே விட்டு, ஆட்டி ஆட்டி எதையோ பிடுங்கினார்.

விரல் நீளத்தில், உருண்டையாக, நசுங்கிப்போன பஞ்சுச் சுருள். இன்னொரு ஷூவிலிருந்து அதேபோல இரண்டு வந்தன.

டாக்டருக்கு அதைத் தெரியாமல் இருக்குமா. பல் அடைக்கும்போது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அவர் செருகுகிற பஞ்சு. வீட்டு அலமாரியில் எப்போதும் ரெண்டு பெட்டி இருக்கும்.

"இது என் பஞ்சாச்சே. ஷூவுக்குள்ள எப்படிப் போச்சு?"

"தானா போகாது, டாக்டர். சின்னக் காலுக்குப் பெரிய ஷூவைப் போடறவங்கதான் இப்படி முன்னால அடைப்பாங்க. எடுக்கறப்ப ஒண்ணு ரெண்டு உள்ளேயே தங்கிடும். வீட்ல பசங்க யாராச்சும் எடுத்துப் போடறாங்களா?"

"பசங்க எங்க இருக்காங்க? பொண்ணு ஹாஸ்டலுக்குப் போய் வருஷம் ஆச்சு. நாங்க ரெண்டு பேர்தான்..."

டாக்டர் பாதியில் நிறுத்தினார். கடைக்காரர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, அளவுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து, காலை அதன்மேல் வைத்தாள்.

"அண்ணே, நத்தைக்கு முப்பத்தொன்பதாம் சைஸ்ல ஒரு ஜோடி எடுங்க."