சிவப்புக் கார் நூறைத் தொட்ட காலை

பழைய கார்கள் விற்கும் இடத்தில் ஒரு சிவப்பு சொகுசுக் காரும் ஒரு வெள்ளை சொகுசுக் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"நின்ன இடத்துலேருந்து அஞ்சே விநாடியில நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுடுவேன்," என்றது சிவப்பு.

"வேகம் கிடக்கட்டும். என் சீட்டெல்லாம் அசல் தோல். உள்ளே மரவேலை வேற," என்றது வெள்ளை.

எதிரே நின்ற மினி லாரி கேட்டது: "நூறைத் தொட்டிருக்கியா தம்பி?"

சிவப்பு தயங்கியது. "இல்லண்ணே. எங்க பழைய முதலாளி நாற்பதைத் தாண்டமாட்டார். வண்டிக்கு ஏதாவது ஆயிடும்னு பயம்."

வெள்ளையை யாரும் கேட்கவில்லை. அதுவே மெதுவாகச் சொன்னது: "என் சீட்டு மேல போட்ட பிளாஸ்டிக் உறையை ஆறு வருஷமா யாரும் கழற்றலை."

மறுநாள் காலை நஸ்ரீன் என்ற பல் மருத்துவர் வந்தார். சிவப்பை ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்துப்போனார். பைபாஸ் காலியாகக் கிடந்தது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தார்.

திரும்பி வந்தபோது சிவப்பின் பானெட் கொதித்துக்கொண்டிருந்தது.

"எப்படிடா இருந்துச்சு?" என்று வெள்ளை ஆவலாகக் கேட்டது.

"ரொம்பப் பயந்துட்டேன்," என்றது சிவப்பு. "மறுபடியும் போகணும்."