செம்மஞ்சள் நுனி

காலை எட்டு மணிக்கே ஜேசுரட்ணம் குசினி மேசையில் ரிவோல்வரை வைத்துக்கொண்டு, மனைவி பேர்பெச்சுவாவின் கியூட்டெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலைத் திறந்துவிட்டான். கைக்குள் அடங்குகிற சின்ன ரிவோல்வர். குழலின் நுனியில், குறி பார்ப்பதற்காகத் துருத்திக்கொண்டு நிற்கும் துண்டுக்குச் செம்மஞ்சள் நிறத்தை அப்பினான். ஒரு பூச்சுக் காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று.

குளித்துவிட்டு வந்த பேர்பெச்சுவா குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதென்னப்பா இது? ஆரிட்டை வாங்கினனீங்கள்?"

"கடையிலை. அடையாளப் பாஸைக் காட்டிக் காசு குடுத்து வாங்கினது. களவெடுக்கேல்லை."

"இப்ப இது என்னத்துக்கு?"

"என்னத்துக்கெண்டு உனக்குத் தெரியாதோ? போன வருசம் நீயும் பக்கத்திலைதானே நிண்டனி."

அவளுக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஸ்டுட்கார்ட் தமிழரின் விளையாட்டுப் போட்டி. நூறு மீற்றர் ஓட்டத்தில் மற்றப் பிள்ளைகள் பாதித் தூரம் போன பிறகுதான் இவர்களுடைய மகள் ஜெசிந்தா ஓடத் தொடங்கினாள்.

போட்டியை நடத்தி விசிலும் ஊதிய உருத்திரமூர்த்தியே மைக்கைப் பிடித்து, "பிள்ளை நித்திரை போலை" என்று சொல்ல, மைதானமே சிரித்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

"அது முடிஞ்ச கதை. விடுங்கோ."

"எனக்கு முடியேல்லை. இந்த வருசம் ரெலிபோன் எடுத்து, உங்கடை பிள்ளையை ஓட விடாதேங்கோ, போட்டி பழுதாகுது எண்டு சொல்லுறான். மனிசனோ அவன்?"

பேர்பெச்சுவாவுக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் மகளைப் பற்றி யார் என்ன கேட்டாலும், "அவளுக்கு வெக்கம் கூட" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, நாங்கள்தான் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்சி. அதைக் கேட்டாலே ஜேசுரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீ போய் அந்த யன்னலடியிலை நில்லு." ரிவோல்வரைக் கூரையைப் பார்க்க உயர்த்திப் பிடித்தான். "நிறம் அங்கையிருந்து தெரியுதோ?"

"குறி பாக்கிற உங்களுக்குத் தெரிஞ்சாக் காணுந்தானே. எனக்கேன் தெரியவேணும்?"

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

"தெரியுது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பொலிஸ் பிடிச்சால் எங்கடை அகதி அசூல் கேசும் போயிடும், எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். ஒரு பொம்பிளைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு ஏனப்பா இந்த விசர் வேலை?"

குசினி அதிரும்படி கத்தினாள். கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா தலை நிமிரவில்லை. தகப்பன் போய்த் தோளில் தட்டியதும் எழுந்து, அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

மைதானத்தில் நூறு மீற்றருக்குப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். ஜெசிந்தா கடைசி ஆள். அவர்களுக்குப் பின்னால், ஒரு கையில் மைக்கோடு உருத்திரமூர்த்தி விசிலை வாயில் வைத்தார்.

ஜேசுரட்ணம் ஜக்கெற்றுக்குள் கையை விட்டபடி அவரை நோக்கி நேரே நடந்தான். பேர்பெச்சுவா ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறிவிட்டான்.

ரிவோல்வர் வெளியே வந்ததும் உருத்திரமூர்த்தியின் வாயிலிருந்து விசில் விழுந்தது. "தம்பி, வேண்டாம். நான் பகிடிக்குத்தான் சொன்னனான்."

"உங்கடை பகிடியை நீங்களே வைச்சிருங்கோ. இதைப் பிடியுங்கோ." பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினான். "குண்டு போகாது. சத்தமும் புகையும் மட்டுந்தான். ஜேர்மன்காரர் ஓட்டப்போட்டிக்குப் பாவிக்கிறது. பின்னாலை நில்லாமல் பிள்ளையளுக்கு முன்னாலை போய் நிண்டு, உயர்த்திப் பிடிச்சு அமத்துங்கோ."

உருத்திரமூர்த்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன உயிர் திரும்பியதும் கோபம் வந்தது.

"எல்லாப் பிள்ளையளும் விசிலுக்குத்தானே ஓடுதுகள்? உம்மடை பிள்ளைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? நுனியிலை நிறம் வேறை பூசிக்கொண்டு வந்து நிக்கிறீர்."

பேர்பெச்சுவாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "சொல்லாதேங்கோ," என்று அவனுடைய கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை..."

அவன் உருத்திரமூர்த்தியின் கையிலிருந்த மைக்கைப் பறித்தான். சனம் முழுக்க அவனையே பார்த்தது. கோட்டில் நின்ற ஜெசிந்தா மட்டும் திரும்பி, அந்தச் செம்மஞ்சள் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை பிள்ளைக்குக் காது கேக்காது."