காதுக்கு ஒரு பரீட்சை

"அண்ணாவைக் கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தணும்னே இதை வாங்கிட்டு வந்தீங்களா?"

மேஜைமேல் இருந்த இரண்டு பெட்டிகளையும் முறைத்தபடி அவள் கேட்டாள். இரண்டிலும் ஹெட்போன். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. ஒன்று போன வருஷத்து மாடல், மற்றது இந்த வருஷத்தது. விலையைச் சொன்னால் தலை சுற்றும்.

"ஒரு வாரத்துக்குள்ள ஏதாவது ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றான் கணவன். "எதை வெச்சுக்கறதுன்னுதான் தெரியல. புதுசு தலையில வெச்சா பஞ்சு மாதிரி இருக்கு. பழசு நெத்திப்பொட்டைக் கொஞ்சம் இறுக்குது. சத்தத்துலதான் ஒரு வித்தியாசமும் பிடிபடல. விக்கிறவனுக்கே சொல்லத் தெரியல. உங்க அண்ணா கேட்டாச் சொல்லிடுவாரு."

"அவர் இருக்கிற நிலைமை தெரிஞ்சுமா?"

"அதனாலதான்" என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்கிறவன். வசனம், பாட்டு, காலடிச் சத்தம் எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்துக் கொடுக்கிற வேலை. ஸ்டூடியோவில் அவன் சொன்னதுதான் சட்டமாக இருந்தது. போன படத்தில் ஒரு காட்சி முழுக்க லேசான இரைச்சல் ஒன்று ஓடியிருக்கிறது. அவன் காதில் அது விழவில்லை. படம் தியேட்டருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"காது போயிட்டா கௌரவமா ஒதுங்கிக்கணும்" என்று டைரக்டர் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன்தான், பிறகு வேலைக்கே போகவில்லை. காது டாக்டர் ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்துவிட்டு, "காதுல பழுதே இல்ல. அசதியில விட்டிருப்பீங்க" என்றார். அவன் நம்பவில்லை. டி.வி. ஓடினால்கூட எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறான் என்று அண்ணி ஃபோனில் அழுதாள்.

அப்படிப்பட்டவனைத்தான் இந்த மனுஷன் பரீட்சைக்கு உட்கார வைக்கிறார்!

அண்ணன் வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

"என்னை விட்டுடுங்க மாப்பிள்ளை. என் காதை நானே நம்பறதில்ல."

"ஒரே ஒரு தடவை மச்சான். எனக்காக. கண்ணை மூடிக்குங்க, நான் மாத்தி மாத்தி மாட்டறேன். எது புதுசு, எது பழசுன்னு சொன்னாப் போதும்."

அண்ணன் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தான்.

"தலையில மாட்டாதீங்க. இறுக்கத்துலயே எதுன்னு தெரிஞ்சிடும். பட்டை படாம காதுல மட்டும் பிடிங்க."

தொழில் பேச்சு என்றதும் அந்தக் குரலில் பழைய அதிகாரம் லேசாக எட்டிப் பார்த்தது.

அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் காது மட்டும் கூடத்திலேயே இருந்தது.

"இது முதலாவது."

பாட்டு கசிந்தது. நின்றது.

"இது ரெண்டாவது... இது மூணாவது. சொல்லுங்க மச்சான்."

"இன்னொரு தடவை காட்டுங்க."

மறுபடியும் அதே பாட்டு. மறுபடியும் அமைதி. அவளால் தாங்க முடியவில்லை, கதவோரம் வந்து நின்றாள். அண்ணன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

"மாப்பிள்ளை... எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது. மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியல. நான்தான் முதல்லயே சொன்னேனே, என் காது..."

"அடடா, மாட்டிக்கிட்டேனே!"

கணவன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"என்ன?"

"நான் மாத்தவே இல்ல மச்சான்! பழசையேதான் திரும்பத் திரும்பப் பிடிச்சேன். எதையாவது சொல்லி மாட்டுவீங்க, கலாட்டா பண்ணலாம்னு பார்த்தேன். உங்ககிட்ட நடக்குமா?"

அண்ணன் கண்ணைத் திறந்தான். ஹெட்போனைப் பார்த்தான். மாப்பிள்ளையைப் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"ஃபிராடு! என்கிட்டயேவா? ஒண்ணையே வெச்சுக்கிட்டு முதலாவது, ரெண்டாவதுன்னு கணக்கு வேற!"

சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். காபி கேட்டு வாங்கிக் குடித்தான். இன்னொரு காபி கேட்டான். அது ஆறுவதற்குள் ஸ்டூடியோவுக்கு ஃபோன் போட்டுவிட்டான்.

"நாளைக்குக் காலையில வரேன். புதுப் படத்து மழை சீனை யாரும் தொடாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

கிளம்பும்போது மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டுத்தான் போனான்.

கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்பினாள்.

"அண்ணா காது நல்லா இருக்கப் போய்ப் பிழைச்சோம். பாவம், இது புதுசு அது பழசுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தா? கைகொட்டிச் சிரிச்சிருப்பீங்க, இல்ல? நொந்து கிடக்கிற மனுஷன்கிட்டயா உங்க ஏமாத்து வேலையைக் காட்டறது? ஒழுங்கா மாத்தி மாத்திப் பிடிச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

கணவன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். மச்சான் தெருமுனை திரும்பியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"ஒவ்வொரு தடவையும் மாத்தித்தான் பிடிச்சேன்."