நாளைக்கு வந்துர்றேனுங்க

உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் யாரானாலும், கட்டிய வீட்டின் சுவரில் தன் குரலைப் பதித்துவிட்டுத்தான் சாவியைத் தர வேண்டும். விரிசல் விட்டால், அதை அடைக்கும்வரை அந்தக் குரல்தான் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லும்.

வசுந்தராவின் பொள்ளாச்சி வீட்டில் கூடத்துச் சுவர் ஒரே வருடத்தில் வாய் பிளந்தது. அந்தச் சுவரோடு அவள் சண்டை போடாத நாளில்லை. "நாளைக்கு வந்துர்றேனுங்க" என்று கான்ட்ராக்டர் திருமூர்த்தியின் குரல் சளைக்காமல் சொன்னது. அவர் மாரடைப்பில் போன பிறகும் அதையே சொன்னது.

"செத்தும் புளுகுறானே!" என்று பல்லைக் கடித்தாள் வசுந்தரா. வேறு கொத்தனாரை வைத்துப் பூசினாள். வீடு அடங்கியது.

மறுவாரம் திருமூர்த்தியின் மனைவி ரங்கநாயகி வந்தாள். பூசிய இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அடைச்சுப்போட்டீங்களாக்கா? ஒருக்கா அவரு பேசறதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

வசுந்தரா உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து ஓங்கி அடித்தாள். பூச்சு பிளந்தது.

"நாளைக்கு வந்துர்றேனுங்க."

ரங்கநாயகி சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எங்கிட்டயும் இதேதானுங்க சொன்னாரு" என்றாள்.