மதுவிலக்கும் மாப்பிள்ளையும்

பெண் பார்க்கப் போகும் வழியிலேயே பார்த்தீபனை அவன் அம்மா எச்சரித்தார். "பெட்டை அமெரிக்காவின்ர பழைய மதுவிலக்கு இயக்கத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தவளாம். உன்ர பியர்க் கதை ஒண்டும் எடுக்காத."

பெண்ணின் அப்பாவுக்கென்று ஆசையாக வாங்கிய வைன் போத்தல் காரிலேயே தங்கிவிட்டது.

பிளாட் புஷ் பகுதியிலிருந்த பெண் வீட்டில் இருவரையும் தனியே கதைக்க விட்டார்கள்.

"இருநூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில ஊர் ஊராக் கூடாரம் அடிச்சுப் பிரசங்கம் வைச்சவை," என்றாள் கஜானி. "சனம் அழுதழுது, இனிக் குடிக்கமாட்டம் எண்டு கையெழுத்துப் போட்டது. குடிக்கிறவனைக் கட்டமாட்டம் எண்டு பொம்பிளையளும் சத்தியம் செய்தவை. நீங்கள் எப்பிடி?"

"நானோ? அதின்ர மணமே தெரியாது. வேணுமெண்டால் இப்பவே கையெழுத்துப் போடுறன்."

கஜானியின் முகம் வாடியது. "அப்ப சரிவராது."

"ஏன்?"

"ஆராய்ச்சிக்கு ஒருத்தரும் வேலை தரேல்லை. இப்ப வைன் தோட்டமொண்டில ருசி பார்க்கிறதுதான் என்ர வேலை. உங்களை மாதிரி ஆள் எப்பிடித் தாங்குவீங்கள்?"

பார்த்தீபன் கூடத்துக்கு ஓடினான்.

"அம்மா, கார்த் திறப்பைத் தாங்கோ! போத்தலை மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டம்!"